கிணறு ஒரு காட்டுல, மோட்டார் இன்னொரு காட்டுல

மக்களே, சிம்போசியத்துக்கு முந்தின நாள் ராத்திரி ரெஜிஸ்ட்ரேஷன் சைட் ரெண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்ல இருந்தவங்களுக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதியை எழுத வேண்டியது என் கடமை. ஏன்னா தப்பு என்னோடது.

சித்தி பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். முடிச்சுட்டு தாராபுரத்துல கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது மணி எட்டரை. லேப்டாப் ஹாஸ்டல்ல. கையில போன் மட்டும். குண்டடம் தாண்டும்போது ரெண்டாம் வருஷ ஜூனியர் மெசேஜ் போட்டா. சைட்ல ஒரு சின்ன மாற்றம் செய்யணும், ஃபைல்ல எழுத பெர்மிஷன் இல்லைன்னு வருதாம்.

போன்லயே சர்வருக்குள்ள போறதுக்கு ஒரு ஆப் வெச்சிருந்தேன். அதுல பந்தாவா நுழைஞ்சு, என்ஜின்எக்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் சிஎச்மாட் 777 போடலாம்னு நினைச்சேன். 777 போடுறதே சோம்பேறித்தனம், அது வேற விஷயம். பஸ் குலுங்க, கீபோர்டு தானா ஒரு ஸ்பேஸ் சேர்க்க, நான் பார்க்காம என்டர் தட்ட, மொத்த ஈடிசி ஃபோல்டருக்கும் 777 விழுந்துடுச்சு. லினக்ஸ் படிச்சவங்களுக்கு இப்பவே வயிறு கலங்கியிருக்கும். சூடோ வேலை செய்ய மறுத்துச்சு. சரி, ரீபூட் பண்ணா சரியாகும்னு ஏடபிள்யூஎஸ் ஆப்ல போய் ரீபூட் அடிச்சேன். திரும்பி வந்த மெஷின் எஸ்எஸ்ஹெச்சையே ஏத்துக்கல. எல்லாரும் படிக்கக்கூடிய நிலையில சாவி கிடந்தா, அந்தச் சாவியை அது நம்பாது. நம்பாததுதான் சரி. சைட் அவுட்.

ஒரு நல்ல காரியம் மட்டும் ஏற்கெனவே நடந்திருந்தது. போன வருஷ சீனியர் அண்ணா, டேட்டாபேஸையும் பணம் கட்டின ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் மெஷினோட ரூட் டிஸ்க்ல வைக்க விடல. தனியா 20 ஜிபி ஈபிஎஸ் வால்யூம் போட்டு அதுல வெச்சிருந்தார். மெஷின் செத்தாலும் டேட்டா உயிரோட இருக்கும். மொத்தம் 347 பேர் பதிவு பண்ணியிருந்தாங்க. மறுநாள் காலை எட்டரைக்கு டெஸ்க் திறக்கணும்.

அதனால திட்டம் ரொம்ப எளிசு. புது மெஷின் ஒண்ணு போடு, பழசுல இருந்து டிஸ்க்கைக் கழட்டு, புதுசுல மாட்டு. ஜூனியருக்குப் போன் பண்ணேன். பொண்ணுங்க ஹாஸ்டல்ல வைஃபை பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க, அவ தன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு உட்கார்ந்தா.

"அண்ணா, சப்நெட்டுன்னு ஒண்ணு கேக்குது. எதைக் குடுக்கட்டும்?"

"அத அப்படியே விட்டுரு மா. எல்லாம் மும்பைதான், எதுல விழுந்தா என்ன?"

இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மெஷின் வந்தது. எலாஸ்டிக் ஐபியைப் பழசுல இருந்து புதுசுக்கு மாத்தினா, மாறிடுச்சு. பழைய செக்யூரிட்டி குரூப்பு, பழைய கீ எல்லாம் அப்படியே எடுத்துக்கிச்சு. பழைய மெஷினை நிறுத்தி, வால்யூமைக் கழட்டியாச்சு. எனக்கு ஒரே குஷி. அடுத்தது அட்டாச்.

"அண்ணா, புது மெஷின் லிஸ்ட்லயே வரல. பழசு மட்டுந்தான் காட்டுது."

"ரீஜியன மாத்தி லான்ச் பண்ணிட்டியா?"

"இல்லணா, மும்பைதான்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்ணா."

அப்போ சிக்னல் போயிடுச்சு. பல்லடத்துக்கிட்ட சிக்னல் வந்ததும் நான் செஞ்ச முதல் காரியம் அவளைக் கூப்பிட்டது இல்ல. குரூப்ல இப்படி டைப் பண்ணேன்: "ஒரு மெஷின்கூட ஒழுங்கா போடத் தெரியாதவங்க கையில இதையெல்லாம் ஏன் குடுத்தோம்? டேட்டா போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" பதினாலு பேர் இருக்கிற குரூப். எல்லாருக்கும் நீல டிக். ஒருத்தரும் பதில் போடல. அவளும் போடல.

இருபது நிமிஷம். பஸ்ல பக்கத்து சீட் தாத்தா என் தோள்ல சாய்ஞ்சு தூங்குறார். நான் போனையே பார்த்துட்டு இருக்கேன். அழுதுட்டுத் தூங்கப் போயிட்டாளோன்னு ஒரு பக்கம், வால்யூமை டெலீட் பண்ணியிருப்பாளோன்னு இன்னொரு பக்கம். ரெண்டாவது நினைப்புதான் பெருசா இருந்துச்சு. இதை எழுதவே இப்போ கூசுது.

பதினொண்ணு அஞ்சுக்குக் கூப்பிட்டா. குரல்ல ஒரு மாற்றமும் இல்ல.

"அண்ணா, அந்த லிஸ்ட்ட நம்பாம கமாண்ட் லைன்ல அட்டாச் போட்டுப் பாத்தேன். வால்யூமும் இன்ஸ்டன்ஸும் ஒரே அவைலபிலிட்டி ஜோன்ல இல்லைன்னு எரர் வருது. வால்யூம் 1ஏ-ல இருக்கு. புது மெஷின் 1பி-ல விழுந்துருக்கு. ஒரே ஜோன்ல இருக்கிற மெஷின மட்டுந்தான் காட்டுவோம்னு அந்த லிஸ்ட் பக்கத்துலயே சின்னதா எழுதியும் இருக்கு."

'நீங்கதானே சப்நெட்ட விட்டுரச் சொன்னீங்க'ன்னு அவ கேட்டிருக்கலாம். கேட்கல. கேட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்கும்.

விஷயம் என்னன்னு இப்போ சொல்றேன். மும்பைங்கிறது ஒரு ரீஜியன். அதுக்குள்ள மூணு ஜோன்: ஏபி-சவுத்-1ஏ, 1பி, 1சி. ஒவ்வொரு ஜோனும் தனி மின்சாரம், தனி நெட்வொர்க்னு பிரிச்சுக் கட்டின ஒண்ணோ அதுக்கு மேலயோ டேட்டா சென்டர்கள். ஒரு ரீஜியனோட ஜோன்கள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு 100 கிலோமீட்டருக்குள்ள இருக்கும்னு ஏடபிள்யூஎஸ் சொல்லுது. நாம பண்ணுற ஒவ்வொரு பொருளும் இதுல எங்கேயோ உட்காரும். எலாஸ்டிக் ஐபி, செக்யூரிட்டி குரூப், கீ, மெஷின் இமேஜ், ஸ்னாப்ஷாட் இதெல்லாம் ஒரே ஜோனுக்குள்ள அடைபட்டது இல்ல. மும்பைக்குள்ள எந்த ஜோன்லயும் பயன்படும். ஆனா சப்நெட், இன்ஸ்டன்ஸ், ஈபிஎஸ் வால்யூம் மூணும் ஒரே ஒரு ஜோனுக்குச் சொந்தம். நான் ஏமாந்தது இங்கதான். ஐபி மாறுது, கீ மாறுது, அப்போ டிஸ்க்கும் மாறும்னு நினைச்சேன். சப்நெட் கேட்கும்போது அது உண்மையில ஜோனைத்தான் கேக்குதுன்னு எனக்குத் தெரியல.

ஏன் டிஸ்க்கை மட்டும் இப்படிக் கட்டிப் போட்டிருக்காங்க? ஈபிஎஸ் நம்ம லேப்டாப்ல இருக்கிற மாதிரி மெஷினுக்குள்ள சொருகின டிஸ்க் இல்ல. நெட்வொர்க் வழியா வர்ற டிஸ்க். ஆனா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அது லோக்கல் டிஸ்க் மாதிரியே தெரியணும். டேட்டாபேஸ் ஒவ்வொரு முறை எழுதும்போதும் 'எழுதிட்டேன்'னு பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கும். கண்ணாடி இழையில ஒளி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் தள்ளி டிஸ்க் இருந்தா, போய் வர்றதுக்கே ஒரு மில்லிசெகண்ட் காலி. ஒரு எழுத்துக்கு அது சின்னது. வரிசையா ஆயிரம் எழுத்துன்னா ஒரு முழு செகண்ட்.

இதைவிடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. மெஷின் 1பி-ல, டிஸ்க் 1ஏ-ல இருக்குன்னு வெச்சுக்கோங்க. 1ஏ விழுந்தாலும் சைட் போச்சு, 1பி விழுந்தாலும் சைட் போச்சு. ரெண்டு ஜோன்ல வெச்சதால பாதுகாப்பு கூடல, ஆபத்துதான் ரெட்டிப்பு. ஒரு வேலைக்குச் சேர்ந்து இருக்க வேண்டியது ஒரே ஜோன்ல இருக்கணும். பாதுகாப்புக்கு வேணும்னா இன்னொரு ஜோன்ல இன்னொரு முழு ஜோடியை வைக்கணும், இல்ல ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கணும்.

சரி, அன்னைக்கு என்ன செஞ்சோம்? ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு, வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுத்து, அதுல இருந்து 1பி-ல புது வால்யூம் உருவாக்கி மாட்டுறது. ரெண்டு, 1பி மெஷினைத் தூக்கிப் போட்டுட்டு 1ஏ சப்நெட்ல புதுசா ஒண்ணு போடுறது. மெஷின்ல நம்ம பொருள் ஒண்ணும் இல்ல, அதனால ரெண்டாவதுதான் சுலபம். நான் சொல்றதுக்கு முன்னாடியே அவ முடிவு பண்ணியிருந்தா. "ஸ்னாப்ஷாட் போட்டுட்டேன்ணா, என்ன ஆனாலும் ஒரு காப்பி இருக்கட்டும். இப்ப 1ஏ-ல மெஷின் போடுறேன்." இந்தத் தடவை லிஸ்ட்ல புது மெஷின் வந்தது. மாட்டினா, மவுண்ட் பண்ணா, என்ஜின்எக்ஸும் மைஎஸ்க்யூஎல்லும் போட்டா. பதினொண்ணே முக்காலுக்கு சைட் எழுந்தது. நான் அப்போ ஒண்டிப்புதூர் தாண்டிட்டு இருந்தேன். "எண்ணிப் பாத்துட்டேன்ணா, 347 இருக்கு"ன்னு சொன்னா.

அடுத்த வாரம் ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். கிளவுட்னா அவருக்கு மழை மேகம்தான். இருந்தாலும் கேட்டுட்டு, "அட, கிணறு ஒரு காட்டுல இருக்குது, நீ மோட்டார கொண்டு போயி இன்னொரு காட்டுல எறக்கீட்டயாக்கும். கிணத்தப் பாத்துத்தான் மோட்டார் போடோணும். மோட்டார எப்ப வேணா மாத்திக்கலாம். கிணத்தத் தூக்கிட்டா வருவ?"ன்னார். கிளவுட் பாடத்துல எனக்கு ஏறாதது அங்க ஏறுச்சு. வால்யூம்தான் கிணறு. முதல்ல அது எந்த ஜோன்னு பாரு, அப்புறம் மெஷினை அங்க போடு.

இது மும்பை ரீஜியன் கதை மட்டும் இல்ல. கூகுள் கிளவுட்ல சாதாரண பெர்சிஸ்டன்ட் டிஸ்க்கும் ஜோனுக்குள்ளதான் அடங்கும். ரெண்டு ஜோன்ல ஒரே நேரத்துல எழுதுற ரீஜனல் டிஸ்க் வேணும்னா தனியா கேட்டு வாங்கணும். ஓப்பன்ஸ்டாக்ல ஜோன் தாண்டி மாட்டலாமா கூடாதாங்கிறதுக்கு நோவாவுல ஒரு செட்டிங்கே இருக்கு, அட்மின் முடிவு பண்ணலாம். கூபர்னெட்டிஸ் பழகுறவங்க 'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்'னு பாட் பெண்டிங்ல தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அது பெரும்பாலும் இதே கதை. டிஸ்க் முதல்ல ஒரு ஜோன்ல பிறந்துடும், பாடுக்கு அந்த ஜோன்ல இடம் கிடைக்காது. ஸ்டோரேஜ் கிளாஸ்ல வெயிட்-ஃபார்-ஃபர்ஸ்ட்-கன்ஸ்யூமர்னு போட்டா, பாட் எங்க உட்காருதுன்னு பார்த்துட்டு அங்க டிஸ்க் உருவாகும்.

இப்போ எங்க டீம்ல மூணு பழக்கம் வந்திருக்கு. ஒவ்வொரு வால்யூம் பேருலயும் அதோட ஜோனைச் சேர்த்து எழுதுறோம். மெஷின் போடும்போது சப்நெட்டை நாமளே தேர்ந்தெடுக்கிறோம், 'எது வந்தாலும் சரி'ங்கிற பேச்சே இல்ல. எதைக் கழட்டுறதுக்கு முன்னாடியும் ஸ்னாப்ஷாட். மூணுமே அவ எழுதின குறிப்புல இருந்து வந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல அவ ஐடி கார்டு அடுக்கிட்டு இருந்தா. தனியா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம்னு போனேன். பக்கத்துல நின்னப்போதான் தோணுச்சு: திட்டினது பதினாலு பேர் முன்னாடி, மன்னிப்பு மட்டும் ஏன் ஒருத்தர் காதுல? அங்கேயே நின்னு குரூப்ல டைப் பண்ணேன். "நேத்து சைட் விழுந்தது நான் போட்ட 777-ஆல. மெஷின் தப்பான ஜோன்ல விழுந்தது நான் சப்நெட்ட விட்டுரச் சொன்னதால. அவ நான் சொன்னத அப்படியே செஞ்சா. நான் சொல்லாததையும் செஞ்சுதான் சைட்டைக் காப்பாத்தினா. சாரி மா."

அவ போன் அதிர்ந்தது. படிச்சா. ஐடி கார்டைக் கீழ வைக்காமலே சொன்னா:

"பரவால்லணா. ஆனா இனிமே பஸ்ல இருந்து சர்வருக்குள்ள போகாதீங்க."

போறதில்ல.