இடது கதவு

வீட்டில் அதற்குப் பெயர் பியட்தான். பதிவுப் புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1978 மாடல் என்று இருந்தாலும் அப்பா ஒருநாளும் பத்மினி என்று சொன்னதில்லை. 1983இல் இரண்டாம் கையாக வாங்கியது. 2009இல் பிரேக் வேலை என்று கொட்டகையில் நிறுத்தியவர், பிறகு எடுக்கவே இல்லை. அம்மா 2021இல் இறந்த பின்பு, பிள்ளைகள் இருவரும் சேர்ந்து செய்ய ஏதேனும் ஒரு வேலை வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. மூத்தவள் சென்னையிலிருந்து வாரக் கடைசியில் வருவாள். இளையவன் தஞ்சாவூரிலேயே இருப்பவன். 2024 ஆவணியில் தொடங்கினோம்.

எஞ்சினைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதை ஒரு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். நாங்கள் எடுத்துக்கொண்டது உடலை: கதவுகள் நான்கு, பானட், டிக்கி மூடி. கடைசி வண்ணத்தை வீட்டில் அடிப்பதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். இன்றைய இரண்டு பாகப் பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. ஆகவே பிரைமர் வரைக்கும் எங்கள் பொறுப்பு, வண்ணம் பெயிண்டர் பொறுப்பு. வழிகாட்ட ஒப்புக்கொண்டவர் கீழவாசல் பக்கம் முன்பு பட்டறை வைத்திருந்த டிங்கர் பெரியவர். எங்கள் ஆர்வத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பெயிண்ட் அடிக்கிறது ஒரு நாள் வேலை தம்பி. அதுக்கு முன்னாடி இருக்கிறதுதான் வேலை."

முதலில் அவர் கேட்டது ஒரு காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்ததைக் கைக்குட்டையில் சுற்றி, ஒவ்வொரு கதவின் மேலும் நகர்த்தச் சொன்னார். தகரம் இருக்கும் இடத்தில் கை இழுபடும். உள்ளே பட்டி இருந்தால் இழுப்பு குறையும். மிகக் கனமாக இருந்தால் காந்தம் ஒட்டவே செய்யாது. மூன்று கதவுகளில் விளிம்புகள் தவிர எங்கும் நன்றாகவே பிடித்தது. இடது முன் கதவின் நடுவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, காந்தம் நழுவி விழுந்தது. ஒரு சாண் அகலத்துக்கு விழுந்துகொண்டே இருந்தது.

"இது அடி வாங்கின வண்டி" என்றார் பெரியவர்.

நாங்கள் மறுத்தோம். அந்த வண்டி எங்கும் இடித்ததில்லை என்பது எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வேதவாக்கியம். அப்பா பொதுப்பணித்துறையில் இருந்தவர். எதற்கும் ஒரு பதிவேடு, எதற்கும் ஒரு தேதி. உறவினர்களிடம் வண்டியைக் காட்டும்போதெல்லாம் "ஒரு கீறல் கிடையாது" என்பார்.

உப்புத்தாளால் வண்ணத்தை ஓரிடத்தில் சரிவாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையங்களாகத் தெரியவரும். வலது கதவில் எங்களுக்குக் கிடைத்தவை: மேலே மெரூன், அதன் கீழே வெளிர்நீலம், அதன் கீழே சந்தன நிறம், பிறகு கம்பெனி பிரைமர், பிறகு தகரம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்த கதையைச் சிறுவயதில் அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நினைப்பில் கொஞ்சம் கர்வத்தோடுதான் தேய்த்துக்கொண்டிருந்தோம். (எங்களிடம் இருந்தது சோழர் ஓவியமல்ல, பத்மினியின் கதவு என்பது தோள்வலி வந்ததும் நினைவுக்கு வந்துவிடும்.)

இடது கதவில் சந்தன நிறத்தைக் காணோம். மெரூன், நீலம், அதற்கடுத்து நேராகச் சாம்பல் பட்டி. நீலம் அடித்தது 1986இல். அம்மாவுக்கு நீலம் பிடிக்கும் என்பதால் அப்பா வண்டியின் நிறத்தையே மாற்றினார் என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. அந்தக் கதையில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. அப்பாவிடம் அம்மாவைப் பற்றிய மென்மையான செய்கைகள் அதிகம் இல்லாததால் இதைச் சற்று அதிகமாகவே பாதுகாத்து வைத்திருந்தோம்.

கதவின் உட்புற அட்டையைக் கழற்றியபோது எல்லாம் தெரிந்துவிட்டது. பழைய முறையில், உள்ளிருந்து தட்டி எடுக்க முடியாத நசுங்கலை வெளியிலிருந்து துளையிட்டு, கொக்கி மாட்டி இழுப்பார்கள். பிறகு துளைகளோடு சேர்த்துப் பட்டியால் மூடிவிடுவார்கள். உட்புறத்தில் இரண்டு வரிசையாகப் பதினேழு துளைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் பட்டி பிதுங்கி, இடியாப்பம் பிழிந்ததுபோல் நீண்டு காய்ந்திருந்தது. துளைகளின் ஓரம் முழுக்கத் துரு. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும்; அவை மண்ணடைத்துப் போனால் உள்ளேயே நிற்கும். பட்டி பஞ்சுபோல அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மேலே மெரூன் பளபளப்பாக இருக்க, அடியில் தகரம் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டோம். அவருக்கு இப்போது பார்வை மங்கல். கண் நீர் அழுத்தத்தால் வந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "வல்லம் ரோட்டுல. மதகுச் சுவர்ல உரசிட்டா."

"யாருப்பா?"

"உங்கம்மா."

எங்கள் அம்மா கார் ஓட்டுவாள் என்பதை நாங்கள் அறிந்தது அப்போதுதான். அவள் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறு எந்தச் சித்திரமும் எங்களிடம் இல்லை. அந்த இடது கதவைத் திறந்து மூடியவளும் அவள்தான். நான்கு மாதம் ஓட்டியிருக்கிறாள். அப்பாதான் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் உள்ள வண்டி, கிளச் கனம். ஆனாலும் "சீக்கிரம் புடிச்சுக்கிட்டா" என்றார். அதற்குப் பிறகு? "அவளே வேணாம்னுட்டா. பயந்துட்டா."

மறுநாள் சித்தியிடம் தொலைபேசியில் பேசினோம். சித்தி சொன்னது வேறு. இடித்த அன்றே அத்தான் சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார், அக்கா இரண்டு முறை கேட்டாள், மூன்றாம் முறை கேட்கவில்லை. நீலம்? "பழைய கலர் மேட்ச் ஆகலைன்னு முழுசா அடிச்சாங்க. அக்காவுக்குப் பிடிச்சது மஞ்சள்ல."

எங்கள் இருவருக்கும் இடையே சச்சரவு வந்தது இந்த இடத்தில்தான். இளையவனுக்குப் பதினெட்டு முடிந்த வாரமே அப்பா இதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூத்தவள் கேட்டபோது ஸ்டியரிங் கனம், பெண் பிள்ளைக்குக் கை வலிக்கும் என்றார். அவள் பின்னர் சென்னையில் பணம் கட்டிக் கற்றுக்கொண்டாள். இத்தனை ஆண்டுகள் கழித்து அதன் காரணம் பதினேழு துளைகளாக எங்கள் முன்னால் கிடந்தது. அந்தக் கதவை அப்படியே விட்டுவிட வேண்டும், பட்டி நீக்கிய நிலையில், துளைகள் தெரிய, நிறமில்லாத அரக்கு மட்டும் பூசி வைக்க வேண்டும் என்றாள் அவள். துரு நிற்காது, இரண்டு மழைக்குள் கதவே இருக்காது என்றான் இவன். இரண்டு வாரம் அந்தக் கதவை யாரும் தொடவில்லை. இதற்குள் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. சுரண்டி வைத்த வெறும் தகரத்தில் ஒரே இரவில் மஞ்சள் பூத்துவிட்டது. வெறும் தகரத்தை ஈரக் காற்றில் விடக் கூடாது, அன்றே எப்பாக்ஸி பிரைமரால் மூடிவிட வேண்டும் என்று படித்திருந்தும் விட்டிருந்தோம். துருவைப் பார்த்தபின் வாதம் தொடரவில்லை. தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம்.

துளைகளைப் பெரியவரே அடைத்தார். பின்னால் செம்புத் தகடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மிக் வெல்டிங்கில் ஒரு துளை இங்கே, அடுத்தது அரையடி தள்ளி, நடுநடுவே ஆறவிட்டு. ஒரே இடத்தில் சூடேற்றினால் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தகரம் நெளிந்துவிடும். வெளிப்பக்கத்தை ராவி மட்டமாக்கினார். உட்பக்கத்தில் வெல்டிங் முடிச்சுகளை ராவ வேண்டாம், பிரைமர் மட்டும் போதும் என்று மூத்தவள் கேட்டுக்கொண்டாள். அட்டை மூடியபின் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரியவர் ஏன் என்று கேட்கவில்லை.

வெல்டிங் கருகலைத் தேய்த்தெடுத்து எப்பாக்ஸி பிரைமர் அடித்து, அதன் மேல் பட்டி. நூறு கிராமுக்கு இரண்டு கிராம் ஹார்டனர். கொஞ்சம் கூடினாலும் தஞ்சாவூர் மதியத்தில் தகட்டிலேயே கல்லாகிவிடும். முதல் கலவை அப்படித்தான் வீணானது. காய்ந்ததும் எண்பதாம் நம்பர் தாளைக் கட்டைமேல் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தோம். விரலால் தேய்த்தால் விரல் அளவுக்கே பள்ளம் விழும். பட்டறைகளில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது வழக்கம். பட்டி தண்ணீர் குடிக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருந்ததால் நாங்கள் உலர்வாகவே தேய்த்தோம், முகமூடியோடு. பிறகு நூற்றெண்பது, பிறகு சர்ஃபேஸர் பிரைமர், முந்நூற்றிருபது. "கண்ண நம்பாதீங்க, கைய நம்புங்க" என்பார் பெரியவர். மெல்லிய துணி ஒன்றைக் கதவின்மேல் போட்டு, உள்ளங்கையை முழுதாக வைத்து நகர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும்.

கார்த்திகையில் ஒரு நாள், பிரைமர் அடித்துக் காய்ந்திருந்த கதவுகளைக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தோம். கரைப்பான் தொட்டு ஒரு துணி, உலர்துணி ஒன்று என்று துடைத்து முடித்தாயிற்று. கை படக் கூடாது; தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் சுவடு இருந்தாலும் பெயிண்ட் அங்கே பிடிக்காமல் குழி குழியாக விலகும். அப்பாவிடமும் சொல்லியிருந்தோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வரிசையாக மூன்று கதவுகளைத் தாண்டி இடது முன் கதவின் முன்னால் நின்றார். எது எந்தக் கதவு என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்தி, கைப்பிடிக்குக் கீழே நிறுத்தினார்.

"இங்க இன்னும் இருக்கு" என்றார்.

"எதுப்பா?" என்றாள் மூத்தவள்.

"பள்ளம்."

பிறகு, "சாவிய நான் வச்சிருக்கக் கூடாது" என்றார். எங்களிடம் சொன்னதுபோல் இல்லை. அவள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் திண்ணைவரை கைப்பிடித்துக் கூட்டிச் சென்றது இளையவன்தான்.

கதவில் தேங்காயெண்ணெய் மின்ன ஐந்து விரலும் விழுந்திருந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு, கறுப்புப் பொடியைக் கதவு முழுக்கப் பூசி, கட்டையால் மெல்லத் தேய்த்துப் பார்த்தோம். மேடான இடங்களில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். அவர் கை நின்ற இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு தங்கியிருந்தது. மறுநாள் மழை. சனிக்கிழமை மூத்தவள் வந்தபின்தான் அதில் மறுபடி பட்டி வைத்தோம்.