இருபது வினாடிக்கு ஒன்று

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல் மாணவி)

கைப்பேசி இல்லாத கையை இன்று காண்பது அரிது. களை பறிக்கும் அம்மாவின் மடியில் ஒன்று; பேருந்துப் படியில் தொங்கி வரும் மாணவனின் சட்டைப் பையில் ஒன்று. அதை வாங்கியவர் விற்ற கடையை அறிவார். செய்த நிறுவனத்தின் பெயரையும் அறிவார். ஆனால் அதற்குள் இருக்கும் ஸ்க்ரூவை முடுக்கியது யார் என்று எவரும் கேட்பதில்லை. பதினொரு மாத காலம் அப்படி முடுக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தைக் கல்லூரி மலருக்கு எழுதித் தரும்படி எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் அம்மா சொன்னதால் எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் வந்தவாசிக்கு அருகே உள்ளது. கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற பகுதி. அம்மா பாய்த் தறியில் கூலி வேலை. அப்பா கட்டட வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 2023 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது 600க்கு 438 மதிப்பெண் பெற்றிருந்தேன். அதே மாதத்தில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. கல்லூரி என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூன் கடைசியில், பதினெட்டு வயது நிறைந்த மறு வாரமே, ஏஜென்சி மூலம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கைப்பேசி ஆலையில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பதினொரு மாத ஒப்பந்தம். பிடித்தம் போகக் கைக்கு 12,400 ரூபாய். "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பறதா?" என்று பெரியப்பா கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலைக்குள் நுழைந்த முதல் நாள் எனக்கு வியப்பு தாங்கவில்லை. பகல் போன்ற வெளிச்சம், குளிரூட்டிய காற்று, தூசி இல்லாத தரை! வாசலில் எங்கள் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைப்பேசி செய்யப் போகிறவர்கள் தம் கைப்பேசியை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்! உள்ளே தொப்பி, நீண்ட மேற்சட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை. பட்டையிலிருந்து சுருள் ஒயர் ஒன்று மேசைக்குப் போகும். அது மாட்டாமல் எதையும் தொடக்கூடாது.

என் வேலை இரண்டு ஸ்க்ரூ போடுவது. லைனில் பலகை வரும்; மின் திருப்புளியால் இரண்டையும் முடுக்கி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். இருபது வினாடிக்கு ஒன்று. உணவு நேரமும் தேநீர் நேரமும் போக ஏழு மணி பத்து நிமிடம். அப்படியானால் ஒரு ஷிஃப்டுக்கு 1,290. கணக்கில் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு. அந்த லைனில் கணக்குப் போடுவது ஒன்றுதான் எனக்குத் துணை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் சொல்லி, மாற்று ஆள் வந்த பிறகே நகரலாம். அதற்குப் பயந்து பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம்.

வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். பெண்கள் இரவில் ஆலை வேலை செய்ய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் தடை இருந்தது. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு வேலைக் கதவு திறந்தது நல்லதே. ஆனால் பகலில் வராத தூக்கத்துக்கு எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? விடுதி அறையில் எட்டுப் பேர். நான் எழும்போது ஒருத்தி படுப்பாள். அவள் எழும்போது நான் படுப்பேன். ஒரே அறையில் இருந்தும் சிலருடைய விழித்த முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

குறையை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. சம்பளம் தவறாமல் ஏழாம் தேதி வங்கிக் கணக்கில் ஏறும். சோறு உண்டு, பேருந்து உண்டு. மாதம் 9,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பினேன். அப்பாவின் வைத்தியம் அதில்தான் நடந்தது. பொங்கலுக்கு ஊர் வந்தபோது நானே அடகுக் கடைக்குப் போய்க் கம்மலை மீட்டு அம்மா கையில் கொடுத்தேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மகிழ்ச்சியை எனக்குக் கொடுத்தது அந்த வேலைதான்.

லைனில் எனக்கு அடுத்து நின்றவர் தர்மபுரிப் பக்கத்து அக்கா. அவர் சம்பளத்தில் அவருடைய தம்பி என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். வேலை நேரம், சட்டம் எல்லாம் அக்காவுக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதையும், எதிர்ப்பு எழுந்ததால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். 2006இல் அதே ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியதையும் அவரே சொன்னார். "கம்பெனி பெருசுன்னா நம்ம வேலையும் பெருசுன்னு நெனச்சிக்காத பாப்பா" என்பார்.

ஒரு நாள் இரவு ஷிஃப்டில் டெக்னீஷியன் அண்ணனிடம், "இந்தப் பட்டைக்குள்ள என்ன இருக்குதுண்ணா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? மாட்டினா போதும்" என்றார். அவர் நல்லவர், வெறுப்பில் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என்னைத் தைத்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிகள் என் கை வழியே போயிருக்கின்றன; என் கையில் கட்டியிருந்த பட்டை என்னவென்று எனக்குத் தெரியாது!

2024 மே மாதம் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கலாம் என்றார்கள். நான் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றேன். "மாசம் வர்ற சம்பளத்த உட்டுட்டா படிக்கப் போற?" என்று அம்மா போனில் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அழுதேன். தர்மபுரி அக்காதான், "நீ போ பாப்பா. படிச்சிட்டு வந்து அந்தப் பட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கும் சொல்லு" என்று பேருந்து ஏற்றிவிட்டார்.

இவ்வாண்டு மின்னியல் பாடம் நடந்தபோது எங்கள் பேராசிரியரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் வகுப்பையே நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். நடக்கும்போதும் துணி உரசும்போதும் நம் உடலில் நிலைமின்னூட்டம் சேர்கிறது. ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறினால்தான் நமக்கே சுரீரென்று தெரியும். ஆனால் சில மின்னணுச் சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகிவிடும். அந்த மின்னூட்டத்தைத் தரைக்கு வடிப்பதே பட்டையின் வேலை. அதற்கு வெறும் கம்பி போதுமே! ஆனால் உள்ளே ஒரு மெகா ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். தவறி 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட்டுவிட்டால், பட்டையின் வழியே 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. சில்லைக் காக்கும் பட்டைக்குள் ஆளைக் காக்கவும் ஒரு சிறு பொருள்!

அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போ நம்மளையும் யாரோ நெனச்சிப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க, இல்ல?" என்றார். யாரோ நினைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலை என்பதையும் யாரோ நினைத்துத்தான் சட்டத்தில் வைத்தார்கள். இவையெல்லாம் வெளியே தெரியாத மின்தடைகள். உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் தேவை. அதற்காகவாவது நாம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளை என்னோடு படிப்பவர்கள் பலர் பெரிய நிறுவனங்களுக்குச் செல்லக்கூடும். அங்கே லைனில் நிற்கும் ஒரு பெண் கேள்வி கேட்டால், "உனக்கு எதுக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஞாயிறுதோறும் அம்மாவுடன் நானும் தறிக்குப் போகிறேன். அப்பா மெல்ல நடக்கிறார்; சாரம் ஏற முடியாது. நான் கல்லூரியில் சேர்ந்த மாதம் கம்மல் திரும்பவும் அடகுக்குப் போயிற்று. துளை மூடிவிடாமல் இருக்க அம்மா காதில் வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். நான் செய்தது சரிதானா என்று அந்தக் குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். சரி என்று காட்ட எனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது.