மூன்று பாய்லர்கள்

"நாட்டுக்காகக் குடும்பத்தைத் துறந்த மனுஷன்" என்று அப்பாவின் பதினாறாம் நாளன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். பட்டாளத்துக்குப் போன எல்லோரையும் பற்றிச் சொல்வதுதான். அப்பாவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 1969-ல், பதினெட்டு வயதில், கடற்படையில் அவரைச் சேர்த்துவிட்டவை அடகில் கிடந்த ஒரு வயலும், கல்யாணத்துக்கு நின்ற இரண்டு அத்தைமாரும். நாங்குநேரிப் பக்கத்து ஆள். அதுவரை கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. தேசபக்தி பின்னால் வந்தது. முதலில் வந்தது மணியார்டர்.

ஸ்டோக்கராகச் சேர்ந்தார். அதாவது கப்பலின் அடிவயிற்றில், பாய்லர் ரூமில் வேலை. 1971 போரின்போது விக்ராந்தில் இருந்தார். அந்தக் கப்பலுக்கு நான்கு பாய்லர்கள், ஒன்றில் விரிசல். மிச்சம் மூன்றை வைத்துக்கொண்டுதான் வங்காள விரிகுடாவில் போருக்குப் போனார்கள். விமானம் மேலெழும்ப, கப்பல் காற்றுக்கு எதிராக வேகமாக ஓட வேண்டும். வேகத்துக்கு நீராவி வேண்டும். ஸீ ஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியது வரலாறு. அவற்றில் ஒன்று கிளம்பியதைக்கூட அப்பா பார்க்கவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு கீழே நின்றார். மட்டம் இறங்கினால் பாய்லர் குழாய்கள் வெந்துபோகும்; ஏறினால் டர்பைனுக்குள் தண்ணீர் புகும். "சண்டைல என்னப்பா பாத்திய?" என்று கேட்டால், "தண்ணி மட்டத்த பாத்தேம்ல" என்பார். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, பார்த்தது அதுதான்.

அந்த டிசம்பரில் ஆச்சிக்கு வந்த கடிதத்தில் போர் பற்றி ஒரு சொல் கிடையாது. நலம் என்று ஒரு வரி. அடுத்து, பிசான நடவு முடிந்துவிட்டதா, மூத்த அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்களின் மூலையில் எல்லாம் எண் போட்டிருப்பார். கப்பல் எங்கே நின்றாலும் எங்கள் பதில் பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போகும். கப்பல் கரை தொடும்போதுதான் அவர் கடிதங்கள் தபாலில் சேரும் என்பதால் சமயத்தில் 14-ம் 16-ம் ஒன்றாக வரும், 15 பிறகு வரும். 15 வரும்வரை அம்மா 16-ஐப் பிரிக்க மாட்டாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். 15-ல் என் பள்ளிக்கூட ஃபீஸுக்கு வழி சொல்லியிருப்பார், 16-ல் அதைக் கட்டியாயிற்றா என்று கேட்டிருப்பார். குடும்பத்தை அப்படித்தான் நடத்தினார், இரண்டு வாரம் பின்தங்கிய கடிகாரத்தை வைத்துக்கொண்டு. வருஷத்தில் இரண்டு மாத லீவு. பம்பாயிலிருந்து சென்னை, அங்கிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், கையில் வெள்ளைப் பெயின்டில் பேரும் நம்பரும் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டி.

1993-ல் சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று வந்தார். கஷ்டம் அப்போதுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். அவர் இல்லாமலே நடக்கப் பழகிய வீடு. ரேஷன் கார்டு எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. முதல் மாதமே அடுக்களைத் தட்டுகளின் விளிம்பில் ரீப்பர் கட்டை அடித்தார், பாத்திரம் உருண்டு விழாமல் இருக்க. கப்பலில் அப்படித்தான். "இந்த வீடு எங்கயும் ஆடப்போறதில்ல, கழத்துங்க" என்றாள் அம்மா. அவர் சரி என்றார். கழற்றவில்லை.

தூக்கமும் திரும்பவில்லை. கடலில் நாளை நான்கு நான்கு மணி நேர வாட்ச்சாகப் பிரிப்பார்கள். மாலை நாலு முதல் எட்டு வரை மட்டும் இரண்டாக உடைத்து டாக் வாட்ச். அதனால் மொத்தம் ஏழு வரும், ஒரே ஆள் தினமும் நள்ளிரவில் மாட்டிக்கொள்ள மாட்டான். இருபத்து நாலு வருஷம் இப்படி விழித்த உடம்பு. பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து கேஸ் குழாய், புறவாசல் தாழ்ப்பாள், நாங்கள் படுத்திருக்கும் பாய் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வருவார். பாய்லர் இரைச்சல் காதைத் தின்றிருந்ததால் தன் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்கும்.

2014 கடைசியில் மும்பையில் விக்ராந்தை உடைக்கத் தொடங்கினார்கள். பக்கவாட்டில் வெட்டித் திறந்த படம் ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இதுக்குக் கீழ" என்றார். பிறகு பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "அம்மைக்கு பிரஷர் மாத்திரை குடுத்தியால?"