பேரன் கேட்கும் பெயர்

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது, அது ஊர்ச் சொத்து. தமிழ் முதுகலையில் இப்படி எழுதித்தான் தேறினேன். அரக்கோணத்து இளைஞர் அறிவு அந்தப் பாடத்தைக் கலைத்துவிட்டார்.

தாராவித் தமிழர்களின் கதையான ‘காலா’வுக்கு 2018இல் பாட்டெழுதியவர் அவர். 2021இல் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளை ராப்பும் ஒப்பாரியுமாக எழுதி, தீயுடன் சேர்ந்து பாடினார். இசை சந்தோஷ் நாராயணன். செம்பூரில் எங்கள் கட்டடத்து மராத்திப் பிள்ளைகள்கூட அர்த்தம் கேட்டார்கள். சொற்களுக்குச் சொன்னேன், ஒப்பாரியின் கேவலை எப்படி மொழிபெயர்ப்பது?

அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பிறகு அறிவின் படத்துடன் இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் அதே பாட்டு ஒலிக்க, சர்ச்சை மறுபடி கிளம்பியது.

மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது அந்நியமல்ல. என் பெயரில்லாமல் அச்சான பக்கங்கள் அநேகம். பெயர் கேட்டால் அகங்காரம் என்பார்கள். ஆனால் காலங்காலமாகப் பெயரில்லாமல் பாடியவர்கள் யார்? பெரும்பாலும் வயலில் நின்ற நிலமற்ற பெண்கள். பேரன் பெயர் கேட்டதால்தான் வள்ளியம்மாள் என்ற பெயரும் வெளியே தெரிந்தது. கேட்கட்டும்.