தொட்டு நலம் தரும் கைகள்

நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன், கபடி ஆட்டத்தில் கணுக்கால் பிசகி, நண்பனின் தோளைப் பற்றியவாறு ஒரு மாலை நம் இல்லம் வந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்ற ஏழைப் பிள்ளை. "சாமி, அடுத்த வாரம் போட்டி. ஆடாவிட்டால் கட்டணச் சலுகை போய்விடுமோ?" என்று கலங்கினான். நாமோ இரக்க மிகுதியால் தைலத்தைச் சூடாக்கி, அழுத்தி நீவிவிட்டோம். மறுநாள் கால் முன்னிலும் பெரிதாக வீங்கியிருந்தது.

மருத்துவமனைகள் மலிந்த தில்லை நகருக்கு அவனை அழைத்துச் சென்றோம். அங்குள்ள இயன்முறை மருத்துவர் உடனே நீவத் தொடங்கவில்லை. எலும்பு முனைகளைத் தொட்டுப் பார்த்தார். நான்கு அடி நடக்கச் சொன்னார். நடக்க இயலாவிடினும், அம்முனைகளில் வலித்தாலும் எக்ஸ்ரே தேவை என்பது 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதியாம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. எலும்புகளைப் பிணைக்கும் நார் சற்றே கிழிந்திருந்தது. முதல் சில நாட்கள் சூடும் அழுத்தித் தேய்த்தலும் ஆகா. அவை உள்ளே கசியும் குருதியை மிகுவிக்கும் என்றார். நாம் தலைகுனிந்தோம்.

வீக்கம் வடிந்தபின் அவர் கணுக்கால் எலும்பைக் கையால் பற்றி, மெல்லப் பின்னோக்கி அழுத்தியவாறே, மாணவனை முழங்காலை முன்னோக்கி மடக்கச் செய்தார். நியூசிலாந்து நாட்டுப் பிரையன் மல்லிகன் கண்ட முறை இது. வலி தணிந்தது, மாணவன் துள்ளினான். "வலி தணிவது வேறு, நார் கூடுவது வேறு. என் கை தரும் ஆறுதல் சிறிது நேரமே. ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை உயர்த்துவது எனப் பல வாரம் பயின்றால்தான் கால் உறுதிப்படும்" என்று அவர் தடுத்தார்.

அப்போட்டியில் அவன் ஆடவில்லை. அவனுடைய உடற்கல்வி ஆசிரியரிடம் நாமே சென்று நிலைமையை எடுத்துரைத்தோம்; சலுகை நிலைத்தது. தைலம் தடவுவதற்கு முன்பே நாம் செய்திருக்க வேண்டிய உதவி அதுவன்றோ!

பெத்சாயிதாவின் பார்வையற்றவர்மேல் நம் ஆண்டவர் இருமுறை கை வைத்ததாக மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரம் கூறுகிறது. முதல் தொடுதலில் அவருக்குப் பார்வை தெளியவில்லை. நலம் படிப்படியாக வருவதும் இறைவன் திருவுளமே. பெற்றோரே, அடிபட்டு வரும் பிள்ளையிடம் தைலத்தோடு விரையுமுன், அவன் எதற்கு அஞ்சுகிறான் என்று கேளுங்கள். பொறுமையும் ஒரு மருந்தே.