வினாடி வினா நடத்தப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நூலக வாசகர் வட்டத்துக்காக நீ வினாடி வினா இரவு நடத்தப்போவதாக அம்மா சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. மண்டபம் பேசியாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு, கேள்விதான் பாக்கி என்று எழுதியிருந்தாய். நானாக இருந்தால் கேள்வியில்தான் தொடங்குவேன். மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நாம் பார்த்த போட்டி நினைவிருக்கிறதா? ஆறு அணி மேடையேறும். தெரியாவிட்டால் ‘பாஸ்’, கேள்வி அடுத்த அணிக்குப் போகும். மற்றவர்கள் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஊரைக் கூப்பிட்டு நடத்தும் இரவுக்கு அது சரிப்படாது. இங்கிலாந்தில் 1970களில் பப்புகளில் பரவிய முறைதான் உனக்குப் பொருந்தும். ஞாயிறு மாதிரிக் கூட்டம் குறைந்த இரவுகளில் ஆட்களை வரவழைக்க வந்த ஏற்பாடு அது. மேடை கிடையாது. எல்லா மேஜைக்கும் ஒரே கேள்வி, ஆளுக்கு ஆள் கலந்து பேசி விடையைத் தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். கடைசி இடத்தில் இருக்கும் அணியும் கடைசிக் கேள்விவரை ஆடிக்கொண்டிருக்கும். அந்த அணி அடுத்த முறையும் வருமா என்பதை வைத்துத்தான் உன் இரவு எப்படி நடந்தது என்று நான் கணக்குப் போடுவேன்.

இனி கேள்வி. ‘டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன் பிறந்த ஆண்டு எது?’ என்று கேட்டால் தெரிந்தவன் எழுதுவான், தெரியாதவன் விட்டத்தைப் பார்ப்பான். அதே மனிதரை இப்படிக் கேட்டுப் பார்: ‘1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கணக்குப் போட்டது. பொறுப்பேற்ற 32 வயது எஞ்சினியர் 46 நாளில் முடித்தார். பின்னாளில் ஒரு பெருநகரத்து மக்கள் வேலைக்குப் போகும் விதத்தையே மாற்றியவரும் அவர்தான். யார்?’ இப்போது மேஜையில் நடப்பதைக் கவனி. தாத்தா ஒருவர் புயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். அவர் மருமகள், ‘ரயில்வே எஞ்சினியர், பெருநகரம்... மெட்ரோவா இருக்குமோ?’ என்பாள். டெல்லியில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன் பக்கத்து மேஜைக்குக் கேட்காதபடி ‘ஸ்ரீதரன்’ என்பான். தனித்தனியாக யாருக்கும் முழுசாகத் தெரியாது. மூன்று பேர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். விடை வந்ததும் அந்த மேஜையில் எழும் சத்தத்துக்காகத்தான் இந்த வேலையை நான் இத்தனை விரும்புகிறேன்.

ஆகவே கேள்விக்குள்ளேயே இரண்டு மூன்று பிடிகளை வை. விடையைக் கேட்டதும், ‘அட, இது நமக்கு வந்திருக்கணுமே’ என்று தோற்றவரும் நெற்றியில் தட்டிக்கொள்ள வேண்டும். ‘ஓ, அப்படியா’ என்று மட்டும் சொன்னால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடு, நீ எத்தனை நாள் தேடி எடுத்ததாக இருந்தாலும் சரி.

விடைகளைச் சரிபார்ப்பதில் சோம்பல் கூடாது. நம் தேசிய விளையாட்டு எது என்று கேட்டால் மண்டபமே ‘ஹாக்கி’ என்று எழுதும். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரி எல்லோருக்கும் ‘தெரிந்த’ விஷயங்களைத்தான் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். யாராவது எழுந்து மறுத்துப் பேசினால் பொறுமையாகக் கேள். அவர் சொல்வதும் சரியென்றால் அந்த விடை எழுதிய எல்லா அணிக்கும் மதிப்பெண் கொடு. இல்லையென்றால் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதே. தமிழிலோ இங்கிலீஷிலோ எதில் எழுதினாலும் ஏற்றுக்கொள்.

சுற்றுக்குப் பத்துக் கேள்வி, ஐந்து சுற்று, நடுவில் சாப்பாடு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே. முதல் சுற்றில் எந்த அணியும் நாலுக்குக் கீழே போகாதபடி எளிதாக வை. சினிமாவும் கிரிக்கெட்டும் இருக்கட்டும், ஆனால் அவையே பாதியைத் தின்றுவிட வேண்டாம். சமையல், ஊர்ப்பெயர், பழைய ரேடியோ, பள்ளிப் பாடம் எல்லாம் கலந்து வரட்டும். அணிக்கு நாலு பேர், அதில் ஒரு பள்ளிப்பிள்ளையும் ஐம்பது தாண்டிய ஒருவரும் கட்டாயம் என்று நோட்டீஸிலேயே போட்டுவிடு. கெட்டிக்காரர்கள் நாலு பேரும் ஒரே அணியில் சேர்வது அதிலேயே பாதி குறையும்.

படச் சுற்றுக்கு புரொஜெக்டரை நம்பாதே, ஜெராக்ஸ் எடுத்து மேஜைக்கு ஒன்றாகக் கொடு. கரண்ட் போனாலும் ஆட்டம் நிற்காது. நீ பிடித்திருப்பது மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் என்றால் ஒன்றைக் கவனி. பந்திக்குப் போட்ட நீள மேஜையில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தால் முதல் ஆள் சொல்வது நாலாவது ஆளுக்குக் கேட்காது, பக்கத்து அணிக்குக் கேட்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவராக எதிரெதிரே உட்கார வை. அணிக்கும் அணிக்கும் நடுவில் ஒரு மேஜை காலியாகவே கிடக்கட்டும். மைக்கை முந்தின நாளே கடைசி மேஜையில் நின்று கேட்டுப் பார். செல்போன்களை மேஜை நடுவில் கவிழ்த்து வைக்கச் சொன்னால் போதும், பறிமுதல் எல்லாம் வேண்டாம்.

சுற்று முடிந்ததும் தாளைப் பக்கத்து அணியிடம் கொடுத்துத் திருத்தச் சொல். நீ விடை வாசிக்க வாசிக்க அவர்கள் போட்டுவிடுவார்கள், வேலையும் குறையும், சந்தேகமும் வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மொத்த மதிப்பெண்ணைப் பலகையில் எழுது. இரண்டு அணி சமமாக வந்தால் கேட்பதற்கு, எண்ணில் விடை வரும் ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திரு. மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில் பாதையில் எத்தனை வளைவு? 208. யார் கிட்டத்தில் எழுதுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. பரிசு புத்தகமாகவே இருக்கட்டும். கடைசி அணிக்கும் ஒன்று வாங்கி வை.

கேள்விகளை அடுத்த வெள்ளிக்குள் எனக்கு அனுப்பு. உன் அத்தானுக்கும் குழந்தைகளுக்கும் வாசித்துப் பார்த்து, யாருக்கு எது வந்தது, எங்கே திணறினார்கள் என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். ஆனால் அம்மாவிடம் ஒரு கேள்வியைக்கூட வாய்விட்டுவிடாதே. அவருக்கும் ஒரு அணி பார்த்துச் சேர்த்துவிடு.

அன்புடன்,
அக்கா