வெள்ளவத்தை ஒழுங்கையும் உகந்தைக் காட்டுப் பாதையும்

கொழும்பு வெள்ளவத்தையிலே குடியிருப்பவனுக்குக் காட்டுவழி செல்லும் ஜீப் வண்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. வாசலைத் தாண்டினால் ஒருபுறம் காலி வீதி. மறுபுறம் றெயில் பாதையும் கடலும். சந்தைக்கும் கோயிலுக்கும் கால்நடையாகவே போய்வரலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்ல வான் வருகிறது. அவசரத்துக்கு முச்சக்கர வண்டி இருக்கிறது.

ஆயினும், இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் வேறோர் இடத்திலே ஊன்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி, வன்னியிலே குளத்தின் கீழ் ஒரு வயல், மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வீடு, மலைநாட்டிலே ஒரு தோட்டம் என ஏதோ ஒன்று விடுமுறை வந்ததும் மனத்தை இழுக்கிறது. அவ்விடத்துக்குச் செல்லும் பாதையின் கடைசி நாலைந்து கட்டை தூரம் தார் காணாததாக இருந்துவிட்டால், அப்போதுதான் ஜீப்பைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் நுழைகிறது.

எங்கள் வீட்டிலே அந்தக் கடைசித் தூரத்துக்கு உகந்தை என்று பெயர்.

என் மாமியார் மட்டக்களப்புப் பகுதியிலே பிறந்தவர். சிறுமியாயிருந்த காலத்தில், பெற்றோருடன் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். அந்த யாத்திரையிலே, காட்டுக்குள் நுழையுமுன் அடியார்கள் தங்கும் இடம் உகந்தை மலை முருகன் கோயில். இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. முழங்கால்கள் இரண்டும் ஒத்துழைக்க மறுக்கின்றன. ஆடித் திருவிழாக் காலத்தில் பஸ்களும் வான்களும் அங்கே போய்வருகின்றனவென்பது உண்மைதான். ஆனால், அந்தச் சனநெரிசலில் அவரை அழைத்துச் செல்வது இயலாத காரியம். கூட்டமில்லாத வேறொரு மாதத்திலே போகவேண்டுமானால் நமக்கென்று ஒரு வண்டி வேண்டும். நான் ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியிலிருந்து ஒரு பங்கை அதற்காக எடுத்து வைத்தோம். பணம் ஒரு முறைதான் வரும். தவறாக வாங்கிவிட்டால் மறுமுறை வாங்க வழியில்லை. அதனாலேயே இந்தத் தேடல் எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை.

நம் நாட்டிலே வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மறுபடி திறக்கப்பட்டது. புதிய வண்டிகள் மீண்டும் வரத் தொடங்கினாலும், எஞ்சினின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறும் தீர்வை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதன்று. ஆகவே, பழைய வண்டிகளையே நாட வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்ததும் நண்பர்கள் ஆளுக்கொரு பெயரைக் கொண்டுவந்தார்கள். முதலாமவர் லான்ட் றோவர் பக்தர். 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே முதன்முதல் வெளிவந்த அந்த வண்டிக்கு, போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடாயிருந்தமையால், அலுமினியக் கலவைத் தகட்டிலே உடல் அமைத்தார்கள். ‘துருப்பிடிக்காத வண்டி’ என்ற புகழ் அதனால் வந்தது. ஆனால், உடலைத் தாங்கும் அடிச்சட்டம் உருக்கே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கடற்காற்று வீசும் வெள்ளவத்தையிலே உப்பு முதலில் தேடிச் செல்வது அந்தச் சட்டத்தைத்தான்.

அவருடைய வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. பேரன் பின்புறம் தாவி ஏறிப் பக்கவாட்டு ஆசனத்தில் அமர்ந்தான். அவனைப் பிணைக்க அங்கே பட்டி இல்லை. மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏணி ஒன்றும் கொண்டு வந்தீங்களா மகன்?” என்று கேட்டார். சிரித்தோம், ஆயினும் அந்தக் கேள்வியே பின்னால் எங்களுக்கு அளவுகோலாயிற்று.

இரண்டாம் நண்பர் சுசூக்கி ஜிம்னியைச் சொன்னார். 2018இல் வெளிவந்த ஜிம்னி காட்டுப் பாதைக்கு வெகு பொருத்தமானது. ஏணி போன்ற தனி அடிச்சட்டம், தரைக்கும் அடிவயிற்றுக்கும் 210 மில்லிமீற்றர் இடைவெளி, ‘லோ கியர்’ எல்லாம் அதிலுண்டு. நீளம் 3.65 மீற்றருக்குள் அடங்குவதால் எங்கள் ஒழுங்கைக்கும் ஏற்றது. ஆனால், பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்னாசனத்துக்குப் போக முன்னாசனத்தை மடக்க வேண்டும். பின்னாசனத்தில் ஆள் இருந்தால் சாமான் வைக்க 85 லீற்றர் இடமே மிஞ்சும். 2023இல் இந்தியாவிலே அறிமுகமான ஐந்து கதவு ஜிம்னி சற்று நீண்டது. எனினும் அதிலும் ஆசனம் நான்கே. நானும் மனைவியும் மாமியாரும் மகளும் பேரனுமாக நாங்கள் ஐவர்.

மூன்றாமவர் டொயோட்டா பிராடோ என்றார். ஏழு பேர் சுகமாக அமரலாம். எந்த மேட்டிலும் ஏறும். ஆனால், 4.7 மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் கொண்ட அவ்வண்டியை எங்கள் ஒழுங்கையிலே திருப்புவதானால் அயல் வீட்டுக்காரரின் மதிலிடம் அனுமதி பெறவேண்டும். விலையோ எங்கள் பையைக் கடந்தது. 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற இரவுகளையும் நாங்கள் மறக்கவில்லை.

இவ்வாறு குழம்பியிருந்த வேளையிலே நான் ஒரு பிழை செய்தேன். புறநகரிலே விற்பனைக்கு நின்ற ஒரு ஜீப், பளபளவென்ற கறுப்புப் பூச்சுடன் என் கண்ணை மயக்கிற்று. யாரையும் கேளாமல் முற்பணம் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் புத்தி வந்து, கொட்டாஞ்சேனையிலே கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரைத் தேடிப் போனேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்வது, கொழும்பின் ஒரு முகத்திலிருந்து மற்றொரு முகத்துக்குச் செல்வதாகும். காலிமுகத்திடலின் கடலைப் பார்த்துக்கொண்டு கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்தால், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம். அப்பால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலே எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில். மேட்டிலே புனித லூசியாள் பேராலயத்தின் பெருங்குவிமாடம். ஜம்பட்டா வீதிப் பக்கத்துச் சந்துகளிலே கை வண்டியும் லொறியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்கின்றன. அங்கிருந்து சிறிது தூரத்திலேதான் பஞ்சிகாவத்தை. பழைய எஞ்சின்களும் கியர்ப்பெட்டிகளும் கதவுகளும் கூரை முட்டக் குவிந்திருக்கும் உதிரிப்பாகக் கடைகளின் வரிசை அது.

முதியவர் என்னுடன் வந்து, அந்தக் கறுப்பு ஜீப்பின் கீழே படுத்தார். ஒரு திருகாணிச் சாவியினால் அடிச்சட்டத்தைக் குத்தினார். புதுப் பூச்சோடு துருவும் பொலபொலவென்று உதிர்ந்து, விரல் நுழையும் ஓட்டை தெரிந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “தம்பி, மேல பாத்து வாங்குறவங்க காசைத்தான் ஓட்டிக்கிட்டுப் போவாங்க. கீழ பாத்து வாங்குங்க” என்றார். முற்பணத்திலே பாதிதான் திரும்பி வந்தது. மீதியை நான் பாடத்துக்குக் கட்டிய கட்டணமென்று கொண்டேன்.

அன்று அவர் கற்பித்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வண்டி பார்க்கப் போகுமுன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லவேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குறையை மறைக்காது. அடிச்சட்டத்திலே புதிதாகப் பூசிய கறுப்பு மை சந்தேகத்துக்குரியது. கியர்ப்பெட்டி எண்ணெய் பால்போல் வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. நான்கு ரயர்களும் ஒரே அளவினவாக, ஒரேயளவு தேய்ந்தனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நான்கு சில்லும் ஓயாது இழுக்கும் வண்டியிலே இணைப்புகள் வருந்தும். ‘லோ கியர்’ விழுகிறதா என்று மணலிலோ கிரவலிலோ ஓட்டிப் பார்க்கவேண்டும். லீசிங் கடன் தீர்ந்துவிட்டதாவெனப் பதிவுப் புத்தகத்திலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் விசாரிக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அந்த வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைக்குமாவென்று பஞ்சிகாவத்தையிலே கேட்டுவிட வேண்டும்.

‘லோ கியர்’ என்றால் என்னவென்று மாணவர்கள் கேட்கலாம். அது வேகத்தைக் குறைத்து, அந்த அளவுக்கு இழுவையைப் பெருக்கும் துணைக் கியராகும். சேற்றிலும் செங்குத்திலும் வண்டி ஆமைபோல், ஆனால் ஆனையின் பலத்துடன் நகரும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வளைவிலே திரும்பும்போது முன்சில்லும் பின்சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் நடுப்பகுதிப் பொறி சில வண்டிகளில் இல்லை. அத்தகைய வண்டியைக் காய்ந்த தார் வீதியிலே நான்கு சில்லும் இழுக்க ஓட்டினால் இணைப்புகள் முறுகிக் கெடும்.

இறுதியாக, முதியவர் காட்டிய வழியிலே ஒரு சுசூக்கி கிராண்ட் விற்றாரா எங்களுக்கு அமைந்தது. 2005இல் வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்தது. அடிச்சட்டம் உடலோடு ஒன்றாக இணைக்கப்பட்டது. நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும். நடுப்பொறியைப் பூட்டவும் ‘லோ கியர்’ போடவும் வசதியுண்டு. தரை இடைவெளி 200 மில்லிமீற்றர், ஆசனம் ஐந்து, உயரம் 1.7 மீற்றருக்குள் என்பதால் மாடிவீட்டுத் தரிப்பிடத்தின் தாழ்ந்த விட்டத்திலும் முட்டாது. ஓர் எச்சரிக்கை: 2022இல் அதே பெயருடன் இந்தியாவிலே வெளிவந்த வண்டி முற்றிலும் வேறானது, அதிலே ‘லோ கியர்’ இல்லை. பழைய தலைமுறையிலும் எல்லா வண்டிகளிலும் அது இருக்குமென்று கொள்ளலாகாது. பெயரை நம்பாமல், உள்ளேயுள்ள திருகியைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஆனால், எங்கள் வீட்டிலே முடிவைச் செய்தது இவையொன்றுமல்ல. மாமியார் கதவைத் திறந்தார். ஆசனத்திலே பக்கவாட்டில் அமர்ந்தார். கால்கள் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்தார். “இது சரி” என்றார். அவ்வளவுதான்.

சென்ற மாசியிலே புறப்பட்டோம். விடியுமுன் பாமன்கடையால் ஹைலெவல் வீதிக்கு ஏறினால், மட்டக்களப்புவரை செல்லும் ஏ-4 பெருவீதி அதுவே. அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை கடந்து மலையேறி, பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும்போது, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரிகிறது. பேரன் அங்கேதான் நித்திரை விட்டெழுந்தான். வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ தாண்டிப் பொத்துவிலை அடைந்து, இரவு அங்கே தங்கினோம். இதுவரை வந்த பாதை முழுவதும் தார். ஒரு சாதாரணக் காரே போதும்.

மறுநாட் காலை அறுகம்பையையும் பாணமையையும் கடந்ததும் கிரவலும் மணலும் தொடங்கின. உகந்தைக்கு இன்னும் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். இருபுறமும் பற்றைக் காடு. இடையிடையே நீர் தங்கிய வெளிகள். தூரத்திலே யானைகள் சில. மாரி மழை ஓய்ந்திருந்தும், ஒரு பள்ளத்திலே தண்ணீர் பாதையை மூடி நின்றது. இறங்கித் தடியினால் ஆழம் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே. ‘லோ கியரை’ப் போட்டு, நிறுத்தாமலும் விரையாமலும் கடந்தோம். அதன்பின் சேறான ஓரிடத்திலும் அது உதவிற்று. ஆக மொத்தம் பத்து நிமிடம் இருக்கலாம். ஏழு மாதம் தேடி, சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்கிய வல்லமை அந்தப் பத்து நிமிடத்துக்கே தேவைப்பட்டது. ஆனால், அந்தப் பத்து நிமிடம் இல்லையென்றால் நாங்கள் பாணமைக்குத் திரும்பியிருப்போம்.

உகந்தையிலே கூட்டமில்லை. குமன தேசிய வனத்தின் வாயிலும் அங்கேதான் இருக்கிறது. கோயில், பாறைக் குன்று, அப்பால் கடல். நான் கதவைத் திறந்து கை கொடுக்கப் போனேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டு, தாமாகவே இறங்கி மணலிலே நின்றார். செருப்பைக் கழற்றிப் பேரனிடம் கொடுத்தார். அவருடைய தகப்பனார் அடுப்பு மூட்டிய இடம் எதுவென்று காட்ட முயன்றார். சரியாக நினைவு வரவில்லை. அதனால் அவர் வருந்தவுமில்லை. அருச்சனை முடியும்வரை கைகூப்பியபடியே நின்றார்.

திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவியது. கடற்கரை மணலின் உப்பைவிட, அன்றாடம் வெள்ளவத்தைக் காற்று கொண்டுவரும் உப்பு கொடியது. ஆகவே மாதந்தோறும் அவ்வாறு கழுவுகிறேன்.

முதன்முறையாக இத்தகைய வண்டி வாங்க எண்ணும் குடும்பத்தவர்க்கு நான் சொல்லக்கூடியது இதுவே. ஆண்டிலே முந்நூற்றைம்பது நாள் அது நிற்கப்போவது உங்கள் ஒழுங்கையில். காட்டிலே நிற்கப்போவது சில நாள்தான். ஆதலால், முதலில் வீட்டிலுள்ளோரை எண்ணுங்கள். அடுத்து ஒழுங்கையை அளவுங்கள். மூன்றாவதாக, நீங்கள் உண்மையாகவே போகவிருக்கும் மிகக் கரடான பாதை எதுவென்று முடிவுசெய்யுங்கள். வண்டியின் பெயரைக் கடைசியிலே கேளுங்கள். பணம் கொடுக்குமுன் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கீழே படுக்கச் செய்யுங்கள். வீட்டிலுள்ள மூத்தவரை மேலே ஏறச் செய்யுங்கள். இருவரும் சரியென்று சொன்னால் வாங்கலாம்.